அசல் எங்கே சார்?

ஒரு சின்ன வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கையில் ஒரு கட்டு காகிதம். எல்லாவற்றையும் பக்காவாக ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கசங்காமல் கொண்டுபோயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. ‘‘அசல் எங்கே சார்?’’ என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். ‘‘அப்ப அதை எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க.’’ அவ்வளவுதான். என்னுடைய அரை நாள் போச்சு.

எனக்கு அரை நாள். பிலிப்பைன்ஸ் தேசத்துக்கு இதே கேள்வியில் கைநழுவிப் போனது 20,000 கோடி பெசோ.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2019 டிசம்பரில் அந்த நாட்டின் ஊழல் வழக்குகளுக்கான தனி நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சண்டிகன்பயன் என்று அந்த நீதிமன்றத்துக்குப் பெயர். முன்னாள் சர்வாதிகாரி ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் குடும்பத்திடமிருந்து 20,000 கோடி பெசோ சொத்தை மீட்டுத் தரச் சொல்லிப் போட்ட வழக்கு அது. தள்ளுபடி. காரணம்? அரசுத் தரப்பு அடுக்கிவைத்த ஆவணங்களில் பெரும்பாலானவை ஜெராக்ஸ். அசல் கோர்ட்டுக்கு வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 10,200 கோடி பெசோ கேட்ட இன்னொரு வழக்கும் இதே காரணத்தால் மண்ணைக் கவ்வியது. இரண்டுமே 1987ல் போட்ட வழக்குகள். 32 வருஷம் நடந்து, கடைசியில் ‘அசல் எங்கே சார்’ என்ற கேள்வியில் வந்து முடிந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வழக்குகளை நடத்தியது ஏதோ பத்து வேலைக்கு நடுவே பதினோராவது வேலையாக இதையும் பார்த்துக்கொண்டிருந்த இலாகா அல்ல. மார்க்கோஸ் கூட்டம் அடித்த பணத்தை மீட்பதற்கென்றே பிறந்த அமைப்பு. ‘நல்லாட்சிக்கான அதிபர் ஆணைக்குழு’ என்று பெயர். பி.சி.ஜி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நாம் கமிஷன் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த கமிஷனைத் திட்டுவது பிலிப்பைன்ஸில் ரொம்ப சுலபமான காரியம். எல்லோரும் திட்டுகிறார்கள். மார்க்கோஸ் ஆட்கள் ‘பழிவாங்கும் மெஷின்’ என்கிறார்கள். எதிர்த் தரப்போ ‘பல்லில்லாத பாம்பு’ என்கிறது. நானும் கொஞ்சம் திட்டத்தான் போகிறேன். ஆனால், திட்டுவதற்கு முன்னால் அது என்ன செய்தது என்று பார்த்துவிட வேண்டும். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

* * *

கொஞ்சம் பின்னால் போவோம்.

மார்க்கோஸ் 1965 டிசம்பரில் அதிபரானார். 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் போட்டார். பத்திரிகைகளுக்குப் பூட்டு, எதிர்க்கட்சித் தலைவர்களுக்குச் சிறை. அந்தக் காலத்தில் சுமார் 70,000 பேர் சிறைப்பட்டார்கள், 34,000 பேர் சித்திரவதைக்கு ஆளானார்கள், 3,240 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் சொல்லும் கணக்கு. இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இன்னொரு பக்கம் பணக் கணக்கு. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் கூட்டிப் பார்த்துச் சொன்னது: ஃபெர்டினாண்ட், இமெல்டா இருவரும் அரசுப் பதவியில் இருந்து நேர்மையாகச் சம்பாதித்திருக்கக்கூடிய மொத்தத் தொகை 3,04,372 டாலர். இருபது வருஷத்துக்கும் சேர்த்து! ஆனால், அடித்ததாக மதிப்பிடப்படுவது 500 கோடி டாலர் முதல் 1,000 கோடி டாலர் வரை. கின்னஸ் புத்தகம் இதை ஓர் அரசாங்கத்திடமிருந்து நடந்த மிகப் பெரிய கொள்ளை என்று பதிவு செய்தது. சாதனைப் பட்டியலில் இடம்பிடிக்க எத்தனையோ வழி இருக்கிறது!

1986 பிப்ரவரி 25. மணிலாவின் எட்சா சாலையில் மக்கள் லட்சக்கணக்கில் திரண்டு டாங்கிகளை மறித்து நின்ற நான்காம் நாள். மார்க்கோஸ் குடும்பம் அமெரிக்க உதவியோடு நாட்டைவிட்டுக் கிளம்பி ஹவாய் போய்ச் சேர்ந்தது. ஹொனலூலு சுங்க அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்தார்கள். நகைகள். கூடவே, புத்தம் புதிதாக அச்சடித்த பெசோ நோட்டுக் கட்டுகள், 2 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். நாட்டை விட்டு ஓடுகிற அவசரத்திலும் அந்த நாட்டுக் காசையே கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

அதே நாள் அதிபர் பொறுப்பேற்ற கொராஸோன் அகினோ, மூன்றே நாளில், பிப்ரவரி 28ல், தனது முதல் உத்தரவைப் போட்டார். உத்தரவு எண் 1. அதில் பிறந்ததுதான் இந்த கமிஷன். ஒரு புது அரசாங்கம் போடுகிற முதல் கையெழுத்தே ‘திருடிய சொத்தை மீட்டு வா’ என்பது. நினைத்துப் பார்த்தால் சிலிர்க்கிறது, இல்லையா?

தலைவராக வந்தவர் ஹோவிட்டோ சலோங்கா. சாதாரண ஆள் இல்லை. 1971ல் மணிலாவின் பிளாஸா மிராண்டாவில் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் குண்டு வெடித்தபோது மேடையில் இருந்தவர். ஒரு கண் பார்வை போனது. ஒரு காது கேட்காமல் போனது. குண்டுச் சில்லுகள் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டன. பிறகு மார்க்கோஸ் ஆட்சியில் கைது, அமெரிக்காவில் அஞ்ஞாதவாசம். இந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். சலோங்கா பரபரவென்று இறங்கினார். 1986 மார்ச்சிலேயே நியூயார்க் கோர்ட்டில் தடை வாங்கி, பினாமி கம்பெனிகளின் பெயரில் இருந்த பிரம்மாண்டக் கட்டடங்களை விற்க முடியாதபடி செய்தார். அதே மாதம் 24ஆம் தேதி சுவிட்சர்லாந்து அரசு மார்க்கோஸ் கணக்குகளை முடக்கியது. அதுவரை உலகத்தில் எந்த சர்வாதிகாரியின் கணக்கையும் சுவிஸ் இவ்வளவு வேகமாகத் தொட்டதில்லை.

சரி, எந்தக் கணக்கு யாருடையது என்று எப்படித் தெரிந்தது? மார்க்கோஸ் கொடுத்த உபயம்தான். ஓடுகிற அவசரத்தில் மலகனாங் மாளிகையில் காகிதங்களை விட்டுவிட்டார்கள். அதில் 1968 மார்ச்சில் ஜூரிச்சில் உள்ள கிரெடிட் சுவிஸ் வங்கியில் கணக்குத் திறந்த படிவங்கள் இருந்தன. ஃபெர்டினாண்டின் பெயர் வில்லியம் சாண்டர்ஸ். இமெல்டாவின் பெயர் ஜேன் ரையான். ஹாலிவுட் படத்து ஜோடி மாதிரி இல்லை? இந்தப் பொய்ப் பெயரில் கையெழுத்துப் போடுபவர் நான்தான் என்று உண்மைக் கையெழுத்தையும் பக்கத்திலேயே போட்டுக் கொடுத்திருந்தார்கள். வங்கி விதி அப்படி. திருடன் தானே எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

கவனியுங்கள். 1986ல் அசல் இருந்தது.

* * *

முதல் சில மாதங்கள் அமோகம். மார்க்கோஸுக்காகச் சொத்துகளைத் தன் பெயரில் வைத்திருந்த ஹோஸே காம்போஸ் என்ற பெரிய தொழிலதிபர், தானாகவே வந்து நிலங்களையும் கம்பெனிகளையும் ஒப்படைத்துவிட்டு, வழக்கு வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டார். பயம் இருந்தது. பயம் இருந்தவரை பணமும் வந்தது.

கமிஷனுக்கு இருந்த அதிகாரமும் லேசுப்பட்டதல்ல. கோர்ட்டுக்குப் போகாமலே ஒரு கம்பெனியின் வாசலில் நோட்டீஸ் ஒட்டி, ‘இது முடக்கப்பட்டது’ என்று அறிவிக்கலாம். நூற்றுக்கணக்கான கம்பெனிகளை அப்படி முடக்கினார்கள். டி.வி. நிலையம், டெலிபோன் கம்பெனிப் பங்கு, வங்கி, பீர் கம்பெனி என்று ஏகப்பட்டது. முடக்கிய கம்பெனியைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டுமே? கமிஷன் ஆட்களை அனுப்பியது. போர்டு மீட்டிங், படி, கார் எல்லாம் வந்தது. சொத்தைக் காக்கப் போனவர்களிலேயே சிலர் அதை மேய்கிறார்கள் என்ற புகார் அகினோ காலத்திலேயே எழுந்தது. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அந்தப் பழமொழி எல்லா ஊருக்கும் பொது.

இன்னொரு நெருக்கடி. 1987ல் வந்த புது அரசியல் சட்டம் ஒரு கெடு வைத்தது. முடக்க உத்தரவு போடும் அதிகாரம் 18 மாதத்துக்கு மட்டும். ஏற்கெனவே முடக்கியவற்றுக்கு ஆறு மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். விதியின் நோக்கம் நல்லதுதான். விசாரணை இல்லாமல் ஒருவரின் சொத்தைக் காலகாலமாகப் பூட்டிவைக்கக் கூடாது. சர்வாதிகாரத்தைத் துரத்திய நாடு அப்படித்தான் யோசிக்கும், யோசிக்கவும் வேண்டும். ஆனால், விளைவு என்ன? 1987 ஜூலையில் அவசர அவசரமாக 35 வழக்குகள். யார் யாரை எல்லாம் சேர்க்கலாமோ சேர்த்து, எந்தச் சொத்தை எல்லாம் எழுதலாமோ எழுதி, ஆதாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்ட வழக்குகள்.

அப்புறம் என்பது வரவே இல்லை. சலோங்கா 1987ல் செனட் தேர்தலுக்குப் போய்விட்டார். பிறகு ஒவ்வொரு அதிபர் வரும்போதும் கமிஷனுக்கு ஒரு புதுத் தலைவர். புதுத் தலைவர் வந்தால் புது வக்கீல்கள். புது வக்கீல் வந்தால் ஃபைலை முதலிலிருந்து படிக்க வேண்டும். இதற்கு நடுவே சாட்சிகள் வயதாகிச் செத்துப்போனார்கள். ஒரு காகிதம் மணிலா, நியூயார்க், ஜூரிச் என்று மூன்று நாட்டு வக்கீல்கள் கை மாறும்போது ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்வார்கள். அசல் யாரிடம் நின்றது என்று பொறுப்பாகக் கணக்கு வைக்க ஒரு நிரந்தர ஆள் வேண்டும். பரணில் கிடக்கும் ஒரே ஒரு பத்திரத்துக்காக நம் வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு பாடுபடுவார்கள்! ஒரு தேசத்தின் பத்திரத்துக்கு அப்படி ஒரு பெரியவர் இல்லாமல் போனார்.

* * *

அசட்டை ஒரு தப்பு. அதை மன்னிக்கலாம். 1993ல் செய்ததை எப்படி மன்னிப்பது?

அந்த வருஷம் டிசம்பர் 28ஆம் தேதி கமிஷன், மார்க்கோஸ் குடும்பத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. சொத்தில் 75 சதவிகிதம் அரசுக்கு. 25 சதவிகிதம் குடும்பத்துக்கு. அந்த 25க்கு வரியும் கிடையாது. வழக்குகளும் கைவிடப்படும். அதாவது, வீட்டில் திருடியவனைப் பிடித்து, ‘முக்கால் பங்கைக் கொடுத்துடு தம்பி, கால் பங்கை நீயே வெச்சுக்க, அதுக்கு ரசீதும் போட்டுத் தர்றேன்’ என்பது மாதிரி.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவர், முன்பு அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஃபிரான்சிஸ்கோ சாவேஸ். குடிமகன் என்ற ஒரே தகுதியில் போட்டார். ‘இது மக்கள் சொத்து, பேரம் நடந்தால் எங்களுக்குத் தெரிய வேண்டும்’ என்பது அவர் வாதம். 1998 டிசம்பர் 9ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தூக்கிப் போட்டது. வரிவிலக்குக் கொடுக்க கமிஷன் யார்? வழக்கைக் கைவிடுவதாக உத்தரவாதம் தர கமிஷன் யார்?

என் கோபம் அந்த 25 சதவிகிதத்தின் மேல் மட்டும் இல்லை. பேரம் பேசியாவது கொஞ்சம் பணத்தை வாங்கிவிடலாம் என்று நினைப்பதில் ஒரு நடைமுறை நியாயம் இருக்கலாம். உலகத்தில் பல நாடுகள் அப்படிச் செய்திருக்கின்றன. ஆனால், மூடிய கதவுக்குள் பேசியது ஏன்? மூடிய கதவுக்குள் பணம் கைமாறியதால்தானே இந்த கமிஷனே பிறந்தது?

* * *

சரி, நியாயம் பார்க்கிறேன் என்று சொன்னேனே, அதற்கு வருவோம்.

சுவிஸ் பணத்தில் கமிஷன் ஜெயித்தது. அதை யாரும் மறுக்க முடியாது. 1986ல் முடக்கிய பணத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு படியாகச் சுவிஸ் நீதிமன்றங்களில் போராடினார்கள். 1997 டிசம்பரில் அங்கே உச்ச நீதிமன்றம் பச்சைக்கொடி காட்டியது. பணம் மணிலாவுக்கு வந்தது. ஆனால், பிலிப்பைன்ஸ் கோர்ட்டில் இது திருட்டுச் சொத்துதான் என்று நிரூபித்த பிறகே தொட வேண்டும் என்று நிபந்தனை. 2003 ஜூலை 15ல் உச்ச நீதிமன்றம் 65.8 கோடி டாலரை அரசுக்குப் பறிமுதல் செய்தது.

அந்த வழக்கு எப்படி ஜெயித்தது என்பதுதான் சுவாரஸ்யம். 1955லேயே பிலிப்பைன்ஸில் ஒரு சட்டம் இருக்கிறது. அரசு ஊழியரின் சொத்து, அவர் வருமானத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் இருந்தால் அது தவறான வழியில் வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தப் பக்கம் 3,04,372 டாலர் சம்பளம். அந்தப் பக்கம் 65.8 கோடி டாலர் டெபாசிட். பணம் எங்களுடையது என்று குடும்பமே ஒப்புக்கொண்டிருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் மழுப்பல். முழு விசாரணைகூடத் தேவைப்படவில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் எண்ணற்ற கம்பெனிகள், எண்ணற்ற பினாமிகள், அலமாரி அலமாரியாக ஜெராக்ஸ், தோல்வி. இன்னொன்றில் தெளிவான இரண்டே எண்கள், வெற்றி. எவ்வளவு காகிதம் இருக்கிறது என்பதில் ஒன்றும் இல்லை. எது அசல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மொத்தத்தில் இந்த கமிஷன் மீட்டது 17,000 கோடி பெசோவுக்கு மேல். ஊழல் சொத்தைத் திரும்பக் கொடுப்பது பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 2003ல்தான் வந்தது. இவர்கள் கிளம்பியது 1986ல். வழிகாட்டப் புத்தகம் இல்லை, முன்மாதிரி இல்லை. பின்னால் நைஜீரியாவின் அபாச்சா பணத்துக்கு சுவிஸ் கதவைத் தட்டியவர்களுக்கெல்லாம், முதலில் தட்டி விரல் வீங்கியவர்கள் இவர்கள்தான். ‘ஒன்றுமே கிழிக்கவில்லை’ என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

* * *

இப்போது பொருள்களைப் பார்ப்போம். இமெல்டா என்றால் நமக்கெல்லாம் உடனே ஞாபகம் வருவது காலணி. மூவாயிரம் ஜோடி என்று உலகமே பேசியது. எண்ணிப் பார்த்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் என்றார்கள். ஒரு பகுதி 2001 முதல் மரிகினா நகர மியூசியத்தில் இருக்கிறது. மாளிகையில் மிஞ்சிய உடைகளும் காலணிகளும் தேசிய மியூசியத்துக்குப் போயின. 2012ல் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் கரையான், பூஞ்சை, மழைத் தண்ணீர். சாட்சிப் பொருளைக் கரையான் தின்றுவிட்டது.

நகைகள் மத்திய வங்கியின் லாக்கரில் இருக்கின்றன. ஹவாய் சுங்கத்தில் பிடித்தது, மாளிகையில் விட்டுப்போனது, ஒரு கிரேக்கர் மணிலா விமான நிலையத்தில் கடத்த முயன்றபோது பிடிபட்டது என மூன்று தொகுப்பு. 2015ல் ஏலக் கம்பெனி நிபுணர்கள் வந்து மதிப்பிட்டபோது, அதில் 25 காரட் இளஞ்சிவப்பு வைரம் ஒன்று இருப்பதே தெரியவந்தது. குறைந்தது 50 லட்சம் டாலர் பெறும் என்றார்கள். கையிலேயே 29 வருஷம் இருந்திருக்கிறது. என்னவென்று யாரும் பார்க்கவில்லை!

ஓவியங்கள் கதை இன்னும் ஜோர். மோனே வரைந்த தாமரைக்குள ஓவியம் ஒன்றை இமெல்டாவின் முன்னாள் செயலாளர் 2010ல் சத்தமில்லாமல் 3.2 கோடி டாலருக்கு விற்றார். 2013ல் குற்றவாளி என்று தீர்ப்பும் வாங்கினார். பிடித்தது யார் தெரியுமா? நியூயார்க்கின் அரசு வழக்கறிஞர்.

2014ல் கோர்ட் உத்தரவோடு மணிலாவில் மார்க்கோஸ் வீடுகளில் புகுந்து 15 ஓவியங்களை எடுத்து வந்தார்கள். அதில் பிக்காசோவின் ‘படுத்திருக்கும் பெண்’ ஒன்று. பெரிய செய்தியானது. 2022 மே மாதம். தேர்தலில் ஜெயித்த மகன், அம்மாவைப் பார்க்கப் போகிறார். அந்த வீட்டுக் காட்சி டி.வி.யில் வருகிறது. பின்னால் சுவரில் அதே ‘படுத்திருக்கும் பெண்’! கமிஷனில் முன்பு உறுப்பினராக இருந்த ரூபன் கரான்ஸா, 2014ல் நாம் எடுத்து வந்தது போலி என்றார். அப்படியானால் சுவரில் தொங்குவது அசலா? அதுவும் இன்னொரு நகலா?

அந்தக் கவுன்ட்டர்க்காரரைத்தான் அனுப்பிவைக்க வேண்டும். அசல் எங்கே சார்?

* * *

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது.

அந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே? சிறையிலும் சித்திரவதையிலும் சிக்கியவர்களில் 9,539 பேர் ஹவாய் நீதிமன்றத்தில் மார்க்கோஸ்மீது வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 1995 வாக்கில் நிர்ணயித்த நஷ்டஈடு சுமார் 200 கோடி டாலர். தீர்ப்பு கையில். ஆனால், பணம்? நியூயார்க்கில் மெரில் லிஞ்சில் மார்க்கோஸ் 1972ல் ஒரு டம்மி கம்பெனி பெயரில் 20 லட்சம் டாலர் போட்டு வைத்திருந்தார். அது வளர்ந்து மூன்றரைக் கோடி ஆகியிருந்தது. அதையாவது கொடுங்கள் என்று கேட்டுப் போனார்கள்.

குறுக்கே வந்து நின்றது யார்? மார்க்கோஸ் குடும்பம் இல்லை. பிலிப்பைன்ஸ் அரசும் இந்த கமிஷனும்! ‘அது தேசத்தின் பணம், எங்களுக்குத்தான்’ என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2008ல் ஜெயித்தும் விட்டார்கள். சட்டப்படி அவர்கள் வாதத்தில் ஞாயம் இருக்கிறது. மார்க்கோஸ் திருடியது மொத்த தேசத்தின் பணம். சித்திரவதைப்பட்டவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மீட்ட பணம் நிலச்சீர்திருத்தத்துக்குப் போக வேண்டும் என்று 1988ல் ஒரு சட்டமும் இருந்தது. நிலமில்லாத விவசாயியும் பாதிக்கப்பட்டவன்தானே?

ஆனாலும், நகம் பிடுங்கப்பட்ட ஒரு கிழவருக்கு எதிராக, அவரைக் காப்பாற்ற வந்த அரசாங்கமே வக்கீல் வைத்து வாதாடுகிறது என்றால் மனசு ஒப்பவில்லை. 2011ல்தான் அவர்களில் 7,526 பேருக்கு முதல் பணம் கிடைத்தது. ஆளுக்கு 1,000 டாலர். அதுவும் அமெரிக்காவில் மாட்டிய வேறு சொத்திலிருந்து. 2013ல் பிலிப்பைன்ஸ் அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து, சுவிஸ் பணத்தில் 1,000 கோடி பெசோவை ஒதுக்கியது. 11,103 பேர் பாதிக்கப்பட்டவர்கள் என்று அங்கீகரிக்கப்பட்டார்கள். நல்ல காரியம். ஆனால், ராணுவச் சட்டம் வந்து 41 வருஷம் கழித்து! அந்த 11,103 பெயரில் எத்தனை பேருக்குக் காசோலையை வாங்கக் கை இருந்தது, எத்தனை பேருக்காகப் பேரப்பிள்ளை வந்து வாங்கியது?

கமிஷன் மேல் என்னுடைய பெரிய குற்றச்சாட்டு இதுதான். ஜெராக்ஸ்கூட இல்லை. பணம் யாருக்காக மீட்கப்படுகிறது என்பதை அது மறந்துவிட்டது. கஜானாவுக்குச் சேர்ப்பது ஒன்றே வேலை என்று நினைத்தது. ஒவ்வொரு டாலர் வந்தபோதும், ‘இது இன்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியது, இன்ன தென்னை விவசாயியிடம் பிடித்த வரி’ என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த இடத்தை வேறு கதைகள் பிடித்துக்கொண்டன. மார்க்கோஸ் காலம் பொற்காலம், அவர் சொத்து பழைய புதையல் தங்கத்தில் வந்தது என்றெல்லாம் கதை. 2019ல் வந்த ‘தி கிங்மேக்கர்’ என்ற டாக்குமென்டரி கிடைத்தால் பாருங்கள். வயதான இமெல்டா காரில் போகிறார். ஏழைக் குழந்தைகள் சூழ்கிறார்கள். ஜன்னல் வழியே நோட்டு நோட்டாக எடுத்துக் கொடுக்கிறார். குழந்தைகள் சிரிக்கிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. யார் காசு அது என்று அந்தக் குழந்தைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றுதான் தோன்றியது.

* * *

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1991ல் இமெல்டா நாடு திரும்பினார். 1995ல் எம்.பி. ஆனார். 2016 நவம்பரில் மார்க்கோஸ் உடல் மாவீரர் மயானத்தில் அடக்கமானது. 2018 நவம்பரில் சுவிஸ் அறக்கட்டளை மோசடியில் இமெல்டாவுக்கு ஏழு குற்றச்சாட்டுகளில், குறைந்தது 42 வருஷச் சிறை என்று தீர்ப்பு. அப்போது அவருக்கு வயது 89. ஜாமீனில் வெளியே இருந்துகொண்டார். அந்தக் குடும்பம் கட்டவேண்டிய வாரிசு வரி 2,300 கோடி பெசோ என்று 1990களிலேயே முடிவாகிவிட்டது. வட்டியும் அபராதமும் சேர்த்து அது 20,300 கோடி ஆகிவிட்டது என்று 2022 தேர்தலில் பேசினார்கள். அசலும் வரவில்லை, வட்டியும் வரவில்லை.

அந்தத் தேர்தலில் மகன் போங்போங் மார்க்கோஸ் மூன்று கோடிக்கும் அதிகமான வாக்குகளில் அதிபரானார். கமிஷன், நீதித் துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அமைச்சகம், அதிபரின் கீழ். அதாவது, அப்பா சொத்தைத் தேடுகிற ஆளுக்கு மகன் முதலாளி! கமிஷனை மூடிவிடுவீர்களா என்று பிரசாரத்தில் கேட்டபோது அவர் மூடுவேன் என்று சொல்லவில்லை. இன்னும் பலப்படுத்துவேன், எங்கள் குடும்பத்தை மட்டும் துரத்தாமல் எல்லா ஊழலையும் பார்க்கட்டும் என்றார். புத்திசாலி. ஓர் ஆளைத் தேடப் போனவரிடம், ‘ஊரில் எல்லோரையும் தேடு’ என்று சொன்னால் போதும். அந்த ஓர் ஆள் கிடைக்கவே மாட்டார்.

அதற்கு முன்பே, 2018ல், கீழ்சபை இந்த கமிஷனைக் கலைக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது. செனட்டைத் தாண்டவில்லை. ‘இவ்வளவு வருஷம் ஆச்சே, இன்னுமா?’ என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இத்தனை குறை சொன்ன பிறகும் சொல்கிறேன், கமிஷன் இருக்க வேண்டும். வேலை முடியவில்லை என்பது மூடுவதற்குக் காரணமா? திருடியவர் பொறுமையாகக் காத்திருந்தால் ஜெயித்துவிடலாம் என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. இருபது வருஷம் அடித்ததை நாற்பது வருஷம் தேடினால்தான் என்ன? தேடட்டும்.

ஆனால், தேடுகிற நிறுவனம் அதிபரின் கையில் இருக்கக் கூடாது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆள் மாறக் கூடாது. பேரம் பேசினால் வெளிச்சத்தில் பேச வேண்டும். மீட்டதை யாருக்குக் கொடுப்பது என்பதை மீட்பதற்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர் எதிர்க்கட்சிக்காரர் மாதிரி கோர்ட்டில் எதிரே நிற்கக் கூடாது. நாளைக்கு எந்த நாடு எந்த சர்வாதிகாரியைத் துரத்தினாலும், முதல் நாளே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மாளிகைக்குள் போனவுடன், சிம்மாசனத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதற்கு முன்னால், அங்கே கிடக்கும் காகிதங்களைப் பொறுக்கி எண் போட்டு, நம்பிக்கையான ஓர் ஆளிடம் கொடுத்துப் பூட்டச் சொல்ல வேண்டும்.

நான் மறுநாள் அசலை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. திரும்பி வந்ததும் முதல் காரியமாக, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்தேன்.